வளைகுடாவில் வேலைத்தள மரியாதை: சட்டம் எட்டிய தூரமும் எட்டாத தூரமும்

வளைகுடா நாடுகளின் பெரிய கம்பனிகளில் இப்போது ‘வேலைத்தளத்தில் கனிவு’ என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. சுவரில் ஒரு சுவரொட்டி, வருடத்துக்கு ஒரு அரைநாள் வகுப்பு, முடிவில் சமோசாவும் தேநீரும், கையில் ஒரு சான்றிதழ். சக ஊழியரைப் பார்த்துச் சிரியுங்கள், நன்றி சொல்லுங்கள், மற்றவர் கதைக்கும்போது குறுக்கிடாதீர்கள் என்று படிப்பிக்கிறார்கள். நல்ல விடயங்கள்தான். ஆனால் வகுப்பில் இருக்கும் நாற்பது பேரில் முப்பது பேரின் கடவுச்சீட்டு முகாமையாளரின் இரும்பு அலுமாரிக்குள் பூட்டியிருந்தால், அந்த வகுப்பு யாருக்கு எதைப் படிப்பிக்கிறது?

நான் கணக்காளன். யாழ்ப்பாணத்தில் வணிகமாணி முடித்து, போரோடு வெளிக்கிட்டு, கடைசியில் பஹ்ரைனில் ஒதுங்கியவன். மனிதர்களின் குணத்தை முகத்தில் வாசிக்க எனக்குத் தெரியாது. சம்பளப் பட்டியலில் ஓரளவு வாசிப்பேன். சம்பளம் எந்தத் திகதியில் போகிறது, ‘கழிவுகள்’ என்ற நிரலில் என்ன எழுதியிருக்கிறது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கு எத்தனை நாளில் முடிக்கப்பட்டது என்று பார்த்தால் போதும். அந்த இடத்தில் ஆளை ஆள் எப்படி நடத்துகிறார்கள் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

குதைபியா என்ற பெயரை ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் வாசகர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மனாமா நகரின் நடுவே உள்ள பழைய குடியிருப்பு. அதே பெயரில் ஓர் அரண்மனையும் உண்டு. அதைத் தாண்டினால் ஒழுங்கைகள், ‘கோல்ட் ஸ்டோர்’ என்று இங்கே சொல்லும் சின்னப் பலசரக்குக் கடைகள், மலையாளிகளின் தேநீர்க் கடைகள், தையற்கடைகள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நடந்தால் நாகர்கோவில் தமிழும் இராமநாதபுரம் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் ஒரே தெருவில் காதில் விழும். இங்கே நாங்கள் யாரும் அகதிகள் அல்ல. வளைகுடாவின் ஆறு அரபு நாடுகளில் ஒன்றுகூட 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே அப்படி ஒரு கட்டமே விண்ணப்பப் படிவத்தில் கிடையாது. எந்தக் காரணத்துக்காக ஊரை விட்டு வந்திருந்தாலும், இங்கே உங்கள் பெயர் தொழிலாளி. வேலை இருந்தால் வீசா, வீசா இருந்தால் அடையாள அட்டை, அட்டை இருந்தால் வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிக்கூடம்.

இதனால்தான் ஒரு கடுஞ்சொல்லின் எடை இங்கே வேறாக இருக்கிறது. கனடாவில் ஒரு மேற்பார்வையாளர் வாய்க்கு வந்தபடி ஏசினால், வதிவுரிமை உள்ளவர் மனம் நொந்து வேறு வேலை தேடுவார். நாட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. இங்கே ஏசியவரின் கையிலேயே உங்கள் அனுமதிப் பத்திரம் இருந்தது. அவர் புதுப்பிக்காவிட்டால் போக வேண்டியதுதான். ‘ஓடிப்போனவர்’ என்று ஒரு முறைப்பாடு கொடுத்தால் தேடப்படும் ஆளாகிவிடுவீர்கள். மற்றவர்களுக்கு ஊருக்குத் திரும்புவது ஏமாற்றம், கடன், அவமானம். எம்மவர் பலருக்கு அது விமான நிலையத்திலேயே தொடங்கும் வேறொரு பயம். இப்படி நிற்கிற ஒருவன் முதலாளியின் எந்தச் சொல்லுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். அதைப் பார்த்து ‘எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் எவ்வளவு மரியாதையாக நடக்கிறார்கள்’ என்று பெருமைப்பட்ட முகாமையாளர்களை எனக்குத் தெரியும்.

2006ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் இதே குதைபியாவில் கட்டடத் தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்த ஒரு கட்டடத்தில் தீ பிடித்தது. 16 இந்தியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பலர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அந்தச் செய்தியை அப்போது எல்லோரும் தீ விபத்தாகவும் மின்கோளாறாகவும் பாதுகாப்பு விதியாகவும் பேசினோம். கணக்காளனின் கண்ணால் பார்த்தால், இந்த ஊரில் எந்தத் தொழிலாளர் விடுதிக்கும் பின்னால் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. கட்டட வாடகையை ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அறைக்கு ஆறு பேர் என்றால் ஒரு தலைக்கு இவ்வளவு, பன்னிரண்டு பேர் என்றால் அதில் பாதி. அந்தக் கணக்கை யாரோ ஒருவர் குளிரூட்டி அறையில் இருந்து போடுகிறார். அவர் கெட்ட மனிதராக இருக்க வேண்டியதில்லை. காலையில் எல்லோருக்கும் வணக்கம் சொல்பவராகக்கூட இருக்கலாம். வேலைத்தளக் கனிவு என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், வணக்கத்தைவிட அந்த வகுத்தலில் அது கூடுதலாக இருக்கிறது என்பேன்.

பஹ்ரைன் இந்த விடயத்தில் மற்ற வளைகுடா நாடுகளுக்கு முன்னால் நடந்த நாடு என்பதையும் சொல்ல வேண்டும். தொழிலாளியை ஒரு முதலாளியோடு கட்டிப்போடும் கஃபாலா முறையை அடிமைத்தனத்தோடு ஒப்பிட்டுப் பேசியவர் வெளியிலிருந்து வந்த மனித உரிமைக்காரர் அல்ல, இந்த நாட்டின் தொழில் அமைச்சராக இருந்த மஜீத் அல் அலாவி. 2009 ஓகஸ்ட் மாதம் முதல், முதலாளியின் சம்மதம் இல்லாமலே தொழிலாளி வேறு வேலைக்கு மாறலாம் என்ற விதி வந்தது. வியாபாரிகள் கொதித்தார்கள். 2011இல் அது திருத்தப்பட்டது. ஒரு வருடம் அதே முதலாளியிடம் நின்ற பிறகுதான் சம்மதமின்றி மாறலாம் என்றாயிற்று. 2017இல் முதலாளியே இல்லாமல் தொழிலாளி தன் பெயரில் அனுமதி எடுக்கும் ‘ஃப்ளெக்ஸி’ முறை வந்தது. 2022இல் அதை நிறுத்தி வேறொரு பதிவு முறை கொண்டுவந்தார்கள். கட்டார் 2020இல்தான் ‘ரிலீஸ்’ கடிதத் தேவையை எடுத்தது. முன்னுக்கு இரண்டு அடி, பின்னுக்கு ஒரு அடி என்று போனாலும் போகும் திசை தெரிகிறது.

இந்த விதிகள் வந்த பிறகு அலுவலகங்களில் குரல் மாறியதை நான் காதால் கேட்டேன். முன்பு ‘ரிலீஸ் தரமாட்டேன், என்ன செய்வாய்?’ என்று கேட்டவர்கள், ‘இன்னும் ஒரு வருடம் இருந்து பாருங்கள், சம்பளத்தைப் பார்ப்போம்’ என்று கதைக்கத் தொடங்கினார்கள். அதே ஆட்கள்தான். அவர்களை எந்த வகுப்புக்கும் யாரும் அனுப்பவில்லை. போகக்கூடிய ஆளோடு கதைக்கிறோம் என்று தெரிந்ததும் வாயில் மரியாதை தானாக வந்தது.

சம்பளத்திலும் அதுதான் நடந்தது. பழைய நாட்களில் சம்பளம் காசாக உறையில் வரும். தொழிலாளர்கள் அலுவலக வாசலில் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். பெயர் கூப்பிட்டதும் உள்ளே வந்து ஒப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டும். உறையை மேசையில் எறிந்த ஒரு பங்குதாரரை நான் பார்த்திருக்கிறேன். நிலத்தில் விழுந்ததைக் குனிந்து எடுத்தவருக்கு என் வயது இருக்கும். 2021 மே மாதம் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, பிறகு சிறியவற்றுக்கும் சம்பளப் பாதுகாப்பு முறையைப் பஹ்ரைன் கட்டாயமாக்கியது. சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும், போகாவிட்டால் அரசின் கணினியில் தெரிந்துவிடும். ஐக்கிய அரபு இராச்சியம் இதை 2009இலேயே தொடங்கிவிட்டது. இந்த முறையைப் பற்றி எழுதுபவர்கள் சம்பளம் ஒழுங்காகக் கிடைப்பதைத்தான் சொல்வார்கள். வரிசை இல்லாமல் போனதை யாரும் எழுதுவதில்லை. எறிவதற்கு இப்போது உறை இல்லை.

இன்னொரு மாற்றம் கணக்காளர்களைத் தவிர வேறு யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. வேலையை விட்டுப் போகும் வெளிநாட்டவருக்குச் சேவைமுடிவுப் பணிக்கொடை உண்டு. முதல் மூன்று வருடங்களுக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். மாதம் 120 தினார் அடிப்படைச் சம்பளத்தில் ஒன்பது வருடம் வேலை செய்த ஒரு மேசனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வருடத்துக்கு ஒன்றரை மாதம், அடுத்த ஆறு வருடத்துக்கு ஆறு மாதம், ஆக ஏழரை மாதச் சம்பளம். 900 தினார், ஏறத்தாழ 2,390 அமெரிக்க டொலர். ஊரில் ஒரு கிணறும் கூரையும் கட்டும் காசு. முன்பு இந்தத் தொகை முழுவதும் முதலாளியின் கையில் இருந்தது. ஆகவே கடைசி நாளில் ஒரு நாடகம் நடக்கும். விமானச் சீட்டு, உடைந்த கருவி, பழைய அபராதம் என்று கழிவுகள் முளைக்கும். ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்ற அரபுக் கடிதத்தில் ஒப்பம் வைத்தால்தான் கடவுச்சீட்டு வரும். ஒன்பது வருடம் ஐயா, சேர் என்று வேலை செய்தவர் கடைசி ஒரு மணித்தியாலம் பிச்சைக்காரர்போல நிற்பார்.

2024 மார்ச் முதலாம் திகதியிலிருந்து இந்தப் பணிக்கொடையை முதலாளிகள் மாதாமாதம் சமூகக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். முதல் மூன்று வருடங்களுக்குச் சம்பளத்தில் 4.2 வீதம், பிறகு 8.4 வீதம். அரை மாதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஏறத்தாழ அந்த எண்தான் வரும். வேலை முடிந்ததும் தொழிலாளி அந்த நிறுவனத்திடமே கேட்டு வாங்கலாம். 2024க்கு முந்திய வருடங்களுக்கான தொகை இன்னும் முதலாளியின் பொறுப்பில்தான் இருக்கிறது. பஹ்ரைனில் உறவினர் உள்ளவர்கள் அந்தப் பகுதிக்கு எழுத்தில் ஒரு கணக்குக் கேட்டு வைத்திருக்கச் சொல்லுங்கள். மற்றபடி கடைசி நாள் நாடகத்தின் பாதிக் காட்சி போய்விட்டது. பிரியாவிடைக்குக் கேக் வெட்டும் கம்பனிகளைவிட, இந்தத் தொகையைத் திகதி தவறாமல் கட்டும் கம்பனிகளை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

சொல்லால் வரும் வன்முறையைப் பற்றியும் சட்டம் பேசாமலில்லை. பஹ்ரைனின் 2012ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி, முதலாளியோ அவரது பிரதிநிதியோ சொல்லாலோ செயலாலோ தண்டனைக்குரிய முறையில் தாக்கினால், தொழிலாளி முன்னறிவித்தல் இல்லாமலே வேலையை விட்டு விலகலாம். ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. மிரட்டிக் கொடுமைப்படுத்துதல், வாய்மொழியாலோ உடலாலோ மனத்தாலோ இழைக்கும் வன்முறை எல்லாவற்றையும் அது தடைசெய்கிறது. முதலாளி மட்டுமல்ல, மேலதிகாரியும் சக ஊழியரும் அதற்குள் வருவார்கள். வேலை உலகில் வன்முறைக்கும் தொந்தரவுக்கும் எதிரான சர்வதேசத் தொழில் அமைப்பின் 190ஆம் இலக்கச் சாசனம் 2019 ஜூனில் நிறைவேறி, 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் சம்பளத்துக்கு வங்கிப் பதிவு சாட்சி சொல்லும். ஏச்சுக்கு யார் சாட்சி? பக்கத்தில் நின்றவனுக்கும் அதே முதலாளிதான். ஏசியது எந்த மொழியில், அந்தச் சொல்லின் காரம் அரபு மொழிபெயர்ப்பில் எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் வேறு சிக்கல். இந்த இடத்தில் சட்டத்தின் கை எட்டவில்லை. மிச்சத்தை இடையில் நிற்கும் மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

வளைகுடாவில் இடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான். மேலே அரபு முதலாளி, கீழே சைட்டில் தொழிலாளி, நடுவில் ஃபோர்மேன், மேற்பார்வையாளர், நேரப்பதிவாளர், கணக்காளர் என்று இந்தியரும் இலங்கையரும். தொழிலாளி முதலாளியின் முகத்தை வருடத்தில் ஒரு தரம் பார்ப்பான். அவன் தினமும் கேட்கும் குரல் எங்களுடையது. அந்தக் குரல் தமிழாக இருக்கும்போது ஒரு விசேஷம் நடக்கிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. எங்கள் மொழியிலோ வாயைத் திறந்த முதல் சொல்லிலேயே மற்றவனின் உயரத்தை அளந்து சொல்லிவிடலாம். பொறியியலாளரிடம் ‘நீங்கள்’ என்று கதைத்த அதே ஃபோர்மேன், கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பி, தன் தகப்பன் வயது ஆளை ‘டேய், இங்க வாடா’ என்பார். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு நடுவில் ‘நீர்’ என்று ஒன்று உண்டு. நட்பாகவும் சொல்லலாம், தள்ளி வைக்கவும் சொல்லலாம். ஆளைப் பார்த்து ‘நீர்’ போடுவதில் நாங்கள் கெட்டிக்காரர். ஊர், சாதி, படிப்பு எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கும். கடல் கடந்து வந்தும் அதை விட்டுவிட்டு வரவில்லை.

இதில் எதுவும் முறைப்பாடு கொடுக்கக்கூடிய குற்றம் அல்ல. ஒருவர் மாறினால் சைட் முழுவதும் மாறுகிறது என்பதும் உண்மை. நாகர்கோவில் பக்கத்து ஃபோர்மேன் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். படிப்பு எட்டாம் வகுப்பு. எவரையும் ‘அண்ணே’, ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். வங்காளிக்கு ‘பாய்’. பிழை விட்டவரைப் பத்துப் பேர் முன்னால் ஏசமாட்டார். தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொல்வார். அவருடைய சைட்டில் ஆட்கள் விடுப்பு முடிந்து திகதிக்குத் திரும்பி வருவார்கள், அடிபட்டால் மறைக்காமல் உடனே சொல்வார்கள். மற்ற சைட்டுகளில் விரல் நசுங்கினாலும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார்கள், ஏச்சுக்குப் பயந்து. நேரப்பதிவு என் மேசைக்கு வருவதால் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

வெயில் விடயத்திலும் அப்படித்தான். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பகல் 12 மணியிலிருந்து 4 மணிவரை வெளியில் வேலை செய்யக் கூடாது என்று பஹ்ரைன் 2007இல் விதித்தது. 2025இல் அதை ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மூன்று மாதமாக நீட்டினார்கள். நல்லது. ஆனால் மனாமாவின் ஈரப்பதத்தில் காலை பதினொன்றரையும் நரகம்தான். அந்த அரை மணித்தியாலம் யாருடைய விதியிலும் இல்லை. அப்போது தண்ணீர்ப் பெட்டி எங்கே இருக்கிறது, குடிக்கப் போனவனைப் பார்த்து ஃபோர்மேன் என்ன சொல்கிறார் என்பதைச் சட்டம் எழுதி வைக்க முடியாது.

வீடுகளுக்குள் சட்டம் இன்னும் மெலிவு. பஹ்ரைனில் வீட்டுப் பணியாளருக்குத் தொழிற்சட்டத்தின் சில பகுதிகள் மட்டுமே பொருந்தும். வருட விடுப்பும் பணிக்கொடையும் உண்டு, வேலை நேரத்துக்கு எல்லை கிடையாது. இலங்கையிலிருந்து வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். அரபு வீடுகளில் நடக்கும் கொடுமைகளை நாங்கள் நிறைய எழுதியாயிற்று. குதைபியாவின் அடுக்குமாடிகளில் தமிழ்க் குடும்பங்களும் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்பதைக் குறைவாகவே எழுதுகிறோம். அவளுக்குத் தனிக் குவளை எதற்கு என்று ஒரு வீட்டில் கேட்டேன். ‘சுத்தத்துக்குத்தான் அண்ணை’ என்றார்கள். மேலே விளக்கம் கேட்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை.

இந்தக் கஃபாலா கதையெல்லாம் வளைகுடாவுக்குத்தான், மேற்கில் சட்டம் இருக்கிறது என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். லண்டனிலும் பாரிஸிலும் எம்மவர் கடைகளில் நிற்கும் பெடியன்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வழக்கு முடியாதவன், நிராகரிக்கப்பட்டவன், மேன்முறையீட்டில் நிற்பவன். பிரித்தானியாவில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர் பொதுவாக வேலை செய்ய முடியாது. பன்னிரண்டு மாதம் தாண்டியும் முடிவு வராவிட்டால்தான் அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதல் தடவைக்கே ஒரு ஆளுக்கு 45,000 பவுண் வரை முதலாளிக்குத் தண்டம், 2024 பெப்ரவரியிலிருந்து. ஆகவே வேலை கையிற் காசுக்கு நடக்கிறது. பன்னிரண்டு மணித்தியாலம் நின்றாலும் எட்டுக்குத்தான் காசு, சிலவேளை அதுவும் அடுத்த மாதம். கேட்டால், ‘தம்பி, நான் உனக்கு உதவியெல்லோ செய்யிறன்’ என்பார்கள். உதவி என்பதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. வேறு யாரும் அவனை உள்ளே எடுத்திருக்க மாட்டார்கள். அவன் வேறிடம் போக முடியாது, யாரிடமும் முறையிட முடியாது, பொலிஸைக் கண்டால் ஒதுங்குவான். 2009க்கு முந்திய குதைபியாவை எனக்கு இதைவிட ஞாபகப்படுத்துவது வேறொன்றில்லை. அங்கேயாவது ஓர் அமைச்சர் எழுந்து நின்று இது அடிமைத்தனத்தைப்போல இருக்கிறது என்று சொன்னார். எங்கள் கோயில் திருவிழா மலர்களிலும் பழைய மாணவர் சங்க இரவு விருந்துகளிலும் அந்தக் கடைகளின் விளம்பரம்தான் முதற்பக்கம்.

கடைக்காரர்கள் எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. தான் பட்ட பாட்டை நினைத்து, வந்த பெடியனுக்குச் சட்டத்தரணிக்குக் காசு கட்டி, வழக்கு முடியும்வரை தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டவர்களையும் அறிவேன். அவர்களின் பெயர் எந்த மலரிலும் வருவதில்லை.

போன மாதம் லண்டனிலிருந்து தூரத்து உறவினர் ஒருவர் தொலைபேசியில் கதைத்தார். கடையில் நின்ற பெடியனுக்கு வதிவிட அனுமதி கிடைத்துவிட்டதாம். இனிச் சம்பளச் சிட்டையோடு வேலைக்கு வைக்க வேண்டும், முந்திய இரண்டு வருடத்தைக் கணக்கில் எப்படிச் சரிப்பண்ணுவது என்று கேட்டார். வரியையும் தண்டத்தையும் அங்கே உள்ள கணக்காளரிடம் கேளுங்கள் என்றேன். அதற்கு முதல் இரண்டு வருடமும் அவன் நின்ற மணித்தியாலங்களை நாள்வாரியாக எழுதி எனக்கு அனுப்புங்கள், அவனையே கூப்பிட்டு வைத்து எழுதுங்கள், குறைந்தபட்ச ஊதியத்தால் பெருக்கி அவனுக்கு எவ்வளவு பாக்கி என்று பார்ப்போம் என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, கடையில் ஆள் வந்திருக்கிறது, பின்னேரம் எடுக்கிறேன் என்றார். இன்னும் எடுக்கவில்லை.